கலங்கரை விளக்கம் பார்க்காத நாள்

அந்த யோசனை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. கடையில் வெங்காயம் கட்டிக்கொடுத்த தாள், யாரோ ஒரு பிள்ளையின் பூகோளப் புத்தகத்திலிருந்து கிழித்தது. தென்னார்க்காடு ஜில்லாவின் படம். சிதம்பரத்தின் மேல் சுண்டுவிரலை வைத்துக் கடலூர்வரை அளந்தேன். ஒரு கணு. ஒரே ஒரு கணு! எனக்குப் பதினேழு வயது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், ஐரோப்பாவில் எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த ஒரு கணுவை நான் தாண்டியதில்லை. அம்மாவும் தாண்டியதில்லை, அக்காவும் தாண்டியதில்லை.

வீடு அப்போது நன்றாக இல்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, அக்காவின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்து "மாஷா அல்லாஹ்" சொல்லிவிட்டுப் போய் ஒரு மாதமாகியும் தகவல் இல்லை. அத்தாவுக்குக் கீழ வீதியில் கைலிக் கடை. முன்பெல்லாம் சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு வந்த வாடிக்கைக்காரர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பார், அதை விட்டுவிட்டார். அம்மா ஐப்பசி மழையில் பிடித்த இருமலை ஆனி மாசம்வரை கொண்டுவந்திருந்தாள். அம்மியில் நாலு இழுப்பு இழுத்தால் கையை ஊன்றி உட்கார்ந்துவிடுவாள். நான் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பத் தாளை நிரப்பி, அதை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து, மடிப்பே கிழியும் அளவுக்கு ஆக்கி வைத்திருந்தேன். இந்த வீட்டுக்கு ஒரு நாள் காற்று வேண்டும் என்று தோன்றியது.

அன்று மதியம் அத்தா சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அத்தா! வர வெள்ளிக்கெழம எல்லாரும் கடலூரு போவமா? கடலு, கலங்கரை விளக்கம், பழைய கோட்டை, எல்லாத்தையும் பாத்துட்டுப் பொழுதோட வந்துடலாம்."

வெள்ளிக்கிழமை கடை கிடையாது. ரயில் நேரம் கேட்டு வைத்திருந்தேன். சாப்பாட்டுக்கு என்ன கட்டலாம் என்றுகூட யோசித்திருந்தேன். அவர் "வேலையத்தவ" என்பார், நான் மடக்கலாம் என்று வாதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா சோற்றைப் பார்த்தாள்.

"போலாம்," என்றார் அத்தா. "மாமாவுக்கு ஒரு கார்டு போட்டுடு."

மாமா அம்மாவின் தம்பி. கடலூர் துறைமுகத்தில் வேலை, ஓ.டி.யில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். ஓ.டி. என்றால் பழைய கடலூர், என்.டி. என்றால் புதுக் கடலூர். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். மேல்பட்டாம்பாக்கத்து வீட்டாரை அழைத்து வந்தவரும் அவர்தான். நான் அன்றே கார்டு எழுதினேன், பார்க்கவேண்டிய இடங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. முதல் எண் கலங்கரை விளக்கம்.

அத்தா தெரு முழுக்கச் சொன்னார். "எங்க பாய், குடும்பத்தோட?" என்று யாரும் கேட்பதற்கு முன்பே, "சின்னவ கடலூரு பாக்கணுங்குறா, நச்சரிப்பு தாங்கல," என்று கடை வாசலிலும் பள்ளிவாசல் படியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். என் பேச்சு இந்த வீட்டில் எடுபடுகிறது என்று நான் பூரித்துப்போனேன். அக்கா மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள். பொறாமை என்று நினைத்தேன். அக்காவைப் பற்றி அதைவிடத் தப்பாக நான் எதையும் நினைத்ததில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஏறினோம். அம்மா, அக்கா, நான், மூன்று பேரும் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, முகம் மட்டும் தெரிய. அரிசிக்கு அல்லாடிய வருஷம் அது. கீரப்பாளையத்திலிருந்து அத்தாவின் சிநேகிதர் கொடுத்தனுப்பிய அரிசியில் அம்மா புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, வாழை இலையில் கட்டியிருந்தாள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். கிள்ளை. வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தபோது அத்தா வாய்க்குள் ஓதினார். பரங்கிப்பேட்டை. ஆலப்பாக்கம். செம்மங்குப்பம் பக்கம் சவுக்கும் முந்திரியுமாக ஓடியது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். கண்ணில் கரித்தூள் விழுந்தது, அதையும் எழுதினேன். அம்மா துப்பட்டி முனையை வாயில் வைத்து அடைத்தபடி வந்தாள். புகைக்காக என்றுதான் எதிரில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஓ.டி. ஸ்டேஷனில் நான் எழுந்து நின்றுவிட்டேன். கலங்கரை விளக்கம் துறைமுகத்துப் பக்கம், அதற்கு இங்கேதான் இறங்கவேண்டும். பிளாட்பாரத்தில் மாமா நின்றிருந்தார். நாங்கள் இறங்குவதற்குள் அவர் ஏறிவிட்டார்.

"ஒக்காரு, ஒக்காரு. என்.டி.யில எறங்கிக்கலாம்."

"மாமா, கலங்கரை விளக்கம் இங்கதான..."

"அது எங்க ஓடிடப் போவுது? திரும்பி வரப்ப பாத்துக்கலாம்." பிறகு அத்தாவிடம் மெதுவாக, "சொல்லி வச்சிருக்கேன் மச்சான். பத்தர மணிக்கு வரச் சொல்லிட்டாங்க," என்றார்.

கோட்டைக்குச் சீட்டு வாங்கவேண்டுமோ என்னவோ, அதற்குத்தான் சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

என்.டி.யில் இறங்கி இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா. கெடிலம் பாலத்தில் காற்று எங்கள் துப்பட்டிகளைப் பாய்மரம் மாதிரி தூக்கியது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். மஞ்சக்குப்பத்துக்குள் போய், கடற்கரைக்குத் திரும்புகிற சாலையைத் தாண்டி, ஒரு சந்தில் பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன் ரிக்‌ஷா நின்றது. கதவின் மேல் பலகை. எக்ஸ்ரே எடுக்கும் இடம். உள்ளே பெஞ்சு முழுக்கச் சனம், யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லார் மடியிலும் ஒரு துணி.

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். "இங்க எதுக்கு?"

அக்கா என்னைப் பெஞ்சின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அன்னைக்கு அவுங்க வந்தப்ப அம்மா அடுப்பங்கரையில இருமுனத மாப்புள்ளையோட அம்மா கேட்டுட்டாங்க. நெஞ்சப் படம் எடுத்து அனுப்புங்க, பாத்துட்டுத் தேதி வக்கலாம்னு மாமாகிட்ட சொல்லி உட்டுட்டாங்க. தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் இருக்குமாம்."

"சிதம்பரத்துலயே எடுக்கலாமே?"

"எடுத்தா தெருவுக்கே தெரிஞ்சிடும். எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு அத்தா முழிச்சிட்டிருந்தாரு. நீ சுத்திப் பாக்கணும்ன."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ நோட்டுல நம்பர் போட்டு எழுதிட்டிருந்த. சந்தோசமா இருந்த. கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்குப் பிறகு அன்று அதில் எதுவும் எழுதவில்லை.

பத்தரை பதினொன்றாயிற்று. எங்களுக்கு முன் நாலு பேர் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அத்தா எழுந்து கதவுவரை போய், சந்தைப் பார்த்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். இதை எத்தனை தடவை செய்தார் என்று தெரியாது. பன்னிரண்டரைக்கு எங்கிருந்தோ பாங்கு கேட்டது. ஜும்ஆ, வெள்ளிக்கிழமைத் தொழுகை.

"நீங்க போங்க," என்றாள் அம்மா. "கரண்ட் வந்தாலும் முன்னாடி நாலு பேரு இருக்காங்க."

அத்தா சீட்டை அம்மா கையில் வைத்தார். அம்மாவின் பேர், வயது நாற்பத்தொன்று, மாமா எழுதி வாங்கியது. "மூச்சப் புடிக்கச் சொல்லுவாங்களாம். பயப்படாத. துஆ கேக்குறேன்." அவரும் மாமாவும் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டியிருக்கமாட்டார்கள், கரண்ட் வந்துவிட்டது. முன்னால் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் காத்திருந்து சலித்து, அத்தா எழுந்த கையோடு போய்விட்டிருந்தார்கள். மீதி இரண்டு பேரையும் அங்கே வேலை பார்க்கும் ஆயா மளமளவென்று உள்ளே விட்டு வெளியே எடுத்தாள். பருமனான, வெற்றிலை போட்ட அம்மாள், குரல் பெரிசு.

"அடுத்தாப்புல யாரு, சிதம்பரமா?"

அம்மா எழுந்தாள். நிலைப்படிவரை போனாள். உள்ளே இருட்டில் ஒரு இரும்புப் பலகை நின்றிருந்தது. அங்கேயே நின்றுவிட்டாள். அவள் திரும்பி வந்து எங்கள் இருவர் முன்னாலும் குனிந்தபோது முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அன்றைய கறிக்கு என்ன வாங்கலாம் என்று முடிவு செய்கிற முகம்.

"நீ போ," என்றாள் அக்காவிடம்.

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. அதுதான் என்னுடைய கெட்ட நேரம், எனக்கு எதுவும் உடனே புரிந்துவிடும்.

"அம்மா, வாணாம்," என்றாள் அக்கா, புரிந்ததும். "எனக்கு அந்தக் கல்யாணமே வாணாம்."

"எனக்கு வேணும்." அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துப்பட்டிக்குள் இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். கருகமணியைக் கழற்றினாள். நிக்காஹ் அன்றைக்குக் கழுத்தில் ஏறியது. குளிக்கும்போதும் கழற்றமாட்டாள், எங்களைப் பெற்றபோதும் கழற்றவில்லை என்று சொல்வாள். அந்தக் கறுப்பு மணிச் சரத்தை அக்காவின் துப்பட்டிக்குள் கை விட்டு அவள் கழுத்தில் மாட்டினாள். கல்யாணமாகாத பெண்ணுக்கு.

"என்னா அங்க குசுகுசுன்னு? கரண்டு திரும்பப் போயிடப் போவுது!"

அம்மா அக்காவைத் தள்ளினாள். ஆயா சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணா? யம்மாடி, என்னா அரிசி சாப்புடற நீ? எனக்கும் கொஞ்சம் குடேன்."

அந்த ஒரு கணத்தில் எல்லாம் நின்றுபோயிருக்கலாம். அக்காவால் பேச முடியாது, அம்மா பேசமாட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும்.

"எங்க வூட்ல யாருக்குமே வயசு தெரியாது ஆயா," என்றேன் நான். "என்னைக்கூடப் பன்னண்டுன்னுதான் சொல்லுவாங்க."

ஆயா சிரித்துவிட்டாள். "வாயப் பாரு. வாம்மா, கழுத்துல இருக்கறத கழட்டிக் குடு, மணி கிணி இருந்தா படத்துல உழும்." கருகமணியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அக்காவை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. என் உள்ளங்கையில் அந்த மணிகள் சூடாக இருந்தன. அம்மாவின் சூடா, அக்காவின் சூடா தெரியவில்லை. உள்ளே ஒரு ஆண் குரல், "இழுத்து... புடி... விடாத..." என்றது. பெஞ்சில் அம்மாவும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தாள். அவளால் முடியவில்லை, துப்பட்டி முனையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சொல்கிறேன், அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சட்டென்று வாயில் பதில் வந்ததே என்று. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியும் பயனில்லை.

*

ஜும்ஆ முடிந்து வந்த அத்தா, "முடிஞ்சிடுச்சா? வலிக்கலியே?" என்று அம்மாவிடம் கேட்டார். எக்ஸ்ரே வலிக்கும் என்று நினைத்திருக்கிறார். படம் நாலு மணிக்குத்தான் காயும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? "வந்தது வந்தாச்சு, சின்னவளுக்குக் கடலக் காட்டிடுவோம்," என்று மாமா தேவனாம்பட்டினத்துக்கு ரிக்‌ஷா பேசினார்.

இப்படித்தான் நான் கடலைப் பார்த்தேன். ஆனி வெயில், மேல்காற்று, மணல் வாய்க்குள் வந்தது. கட்டுமரங்கள் கவிழ்ந்து கிடந்தன. கோட்டை என்று நான் எழுதி வைத்தது தூரத்தில் ஒரு இடிந்த சுவர்; அத்தா அதைப் பார்த்து, "இதுக்கா நம்பர் போட்ட?" என்றார். மாமா ஏதோ வெள்ளைக்காரன் கதை சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. கருகமணி இன்னும் என் கைக்குட்டையில் இருந்தது. அம்மா கழுத்தோடு துப்பட்டியை இறுக்கிப் பிடித்தபடி, அந்தக் காற்றில், மணலில் பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று நடந்தாள்.

"காத்து ஜாஸ்தியா இருக்குது, சோத்தத் தின்னுட்டுக் கெளம்பிடுவம்," என்றார் அத்தா.

"நாங்க கால நனைச்சிட்டு வந்துடறோம்," என்றேன் நான்.

மூன்று பேரும் தண்ணீர்வரை போனோம். ஆண்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். நான் கைக்குட்டையை அவிழ்த்தேன், அக்கா அம்மாவின் துப்பட்டிக்குள் கை விட்டுக் கொக்கியைத் தேடினாள். ஈரக்கை, வழுக்கியது. அலை வந்து மூன்று பேரையும் முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. மறுபடி தேடினாள். அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயதில் முதல்தடவை.

"என்னமா சத்தம் போடுது," என்றாள். பிறகு, "இங்க இருமுனா யாருக்கும் கேக்காது," என்று சொல்லிவிட்டு இருமினாள். வாயில் துணி வைக்காமல், குனிந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஐப்பசியிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம். அக்கா கொக்கியை மாட்டிவிட்டு அம்மாவின் முதுகில் கை வைத்தபடி நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தா எங்களைப் பார்த்துக் கையாட்டினார். நாங்கள் சிரிக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

நாலு மணிக்குப் படம் ஒரு பெரிய காகித உறையில் வந்தது. கூடவே ஒரு தாள், இங்கிலீஷில். அத்தா உறையைத் தொடாமல், தாளை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"நீதான படிச்சவ. படி."

மாமா எட்டிப் பார்த்தார். எனக்குச் சுமாராகத்தான் இங்கிலீஷ் வரும், ஆனால் அது நாலே வரி. அம்மாவின் பேர். வயது நாற்பத்தொன்று. இரண்டு நுரையீரலும் தெளிவு. நோய்க்குறி ஒன்றுமில்லை. நான் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றாமல் சரியாகச் சொன்னேன்.

அத்தா அந்தச் சந்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. "வெறும் சளி. பாத்தியா மச்சான், வெறும் சளிதான். எத்தன ராத்திரி தூங்கல தெரியுமா நான்?" உறையிலிருந்து படத்தை உருவி வெயிலில் தூக்கிப் பிடித்தார். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக எலும்புகள், நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாக இதயத்தின் நிழல். "இங்க பாரு, ஒன்னோட நெஞ்சு," என்று அம்மாவிடம் காட்டினார். "எவ்வளவு சுத்தமா இருக்குது பாரு."

அம்மா பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலிலிருந்து ஓ.டி.யில் மாமா இறங்கியபோது, "கலங்கரை விளக்கம் உட்டுப்போச்சே புள்ள," என்றார் என்னிடம். "ரயிலு காத்துட்டு நிக்காது. அடுத்த தபா." உறையை அவர் எடுத்துக்கொண்டார், மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட.

*

பத்தாம் நாள் தேதி வைத்துவிட்டார்கள். ஆவணியில். அவர்கள் பார்க்கவேண்டியது உள்ளபடி அக்காவின் நெஞ்சைத்தானே, அதைத்தானே பார்த்தார்கள், இதில் யாரை ஏமாற்றினோம் என்று எனக்கு நானே வாதம் செய்து பார்த்தேன். நான் நன்றாக வாதம் செய்வேன். ஆனால் அத்தா இப்போது வீட்டுக்கு வந்ததும் வாடிக்கைக்காரர்களைப் போலப் பேசிக் காட்டுகிறார். அம்மா இருமினால் பயப்படுவதில்லை. "படமே சொல்லிடுச்சு ஒண்ணுமில்லன்னு, இன்னும் யாருக்குடி இருமிக் காட்டுற?" என்று கேலி செய்கிறார். அம்மாவும் சிரிக்கிறாள். அவளுக்கென்று வாங்கிக்கொண்டிருந்த பால் நின்றுவிட்டது. அவள்தான் நிறுத்தச் சொன்னாள்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனவள், அம்மாவின் தம்ளர் மட்டும் தனியாக மாடத்தில் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். தட்டும் தனி. யாரும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல் அவளே பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். படம் எடுக்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஆஸ்பத்திரிக்கு வா," என்றேன்.

"கல்யாணம் முடியட்டும்."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ள நீ சும்மா இரு. ஒனக்கு வாய் ஜாஸ்தி." கோபமாகச் சொல்லவில்லை. என் தலையைத் தொட வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா மாப்பிள்ளை வீட்டுப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். ஒரு தரம் கிணற்றடியில் என்னிடம் சொன்னாள்: "மூச்ச இழுத்துப் புடின்னாங்கள்ல, அப்ப எவ்வளவு நேரம் புடிச்சேன் தெரியுமா? எனக்குச் செரமமே இல்லடி. சும்மா நின்னேன். அத நெனச்சாதான்..." வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

அத்தாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அத்தா படத்தை நம்புவாரா, என்னை நம்புவாரா என்பதல்ல கேள்வி. என்னை நம்பி அம்மாவைக் கேட்டால் அம்மா இல்லை என்பாள். கல்யாணத் தேதி தாண்டும்வரை அம்மா எதையும் ஒப்புக்கொள்ளமாட்டாள். அம்மாவின் பேரில் இனி ஒரு படம் எடுக்க முடியாது, அவள் பேரில் எடுத்தாயிற்று. அப்படியென்றால் வேறு பேரில்.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். ஆசிரியப் பயிற்சிக்கு உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு. அவர்கள் என் நெஞ்சில் குழாயை வைத்தபோது இருமினேன். அம்மாவின் இருமல் எனக்கு நன்றாக வரும். எட்டு மாதமாகக் கேட்கிறேனே. முதலில் காய்ந்த மாதிரி இரண்டு, பிறகு அடியிலிருந்து ஒன்று நீளமாக, பிறகு மூச்சுக்காக ஒரு இழுப்பு. எத்தனை நாளாக என்றார்கள். ஐப்பசியிலிருந்து என்றேன். சாயங்காலம் காய்ச்சல் வருமா என்றார்கள். அம்மாவுக்கு வருவதைச் சொன்னேன். டாக்டரம்மா சான்றிதழ்த் தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வேறொரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். "படம் எடுத்துட்டு வாம்மா. அப்புறம் பாக்கலாம்."

சீட்டில் என் பேர். வயது பதினேழு.

என் பேரில் அம்மாவின் நெஞ்சுப் படம் வந்தால் எனக்குச் சான்றிதழ் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாமலில்லை. மாத்திரை என் பேரில் வரும். யார் பேரில் வந்தால் என்ன, யார் வாயில் போகிறது என்பதுதான். ஊசி என்று சொன்னால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. என் பேரில் என்று தெரிந்தால் அம்மா இன்னும் முரண்டு பிடிப்பாள். அதனால் அந்தப் பச்சைக் கதவுவரை அவளிடம் சொல்லப்போவதில்லை. அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். "நான் அம்மா கையப் புடிச்சுக்கறேன். விடமாட்டேன்," என்றாள். தேதி வைத்த பிறகு அக்கா முழுசாகப் பேசிய பேச்சு அதுதான்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் ஆரம்பித்தேன். "அத்தா, கலங்கரை விளக்கம் பாக்காமலே வந்துட்டமே."

அத்தா சிரித்தார். "உட மாட்டியே நீ. சரி, வர வெள்ளிக்கெழம போவோம். கல்யாணத்துக்கு அப்புறம் இவளக் கூட்டிட்டுப் போவ முடியாது." அக்காவைப் பார்த்துச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

மாமாவுக்கு இன்றைக்குக் கார்டு போட்டாயிற்று. இந்தத் தடவை நம்பர் எதுவும் போடவில்லை; ஜும்ஆவுக்கு மஞ்சக்குப்பம் பள்ளிவாசலுக்கே போய்விடலாம் என்று மட்டும் எழுதினேன். அந்தப் பள்ளிவாசலிலிருந்து பச்சைக் கதவுக்கு நடந்தே போகலாம் என்பது ஞாபகம் இருக்கிறது. ஜும்ஆவுக்கு அத்தாவும் மாமாவும் போய்த் திரும்பும்வரை ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும். கரண்ட் இருக்கவேண்டும். கருகமணியை அம்மாதான் கழற்றவேண்டும், அது மட்டும் என் கையில் இல்லை. ஆயா என்னைப் பார்த்ததும் சிரிப்பாள், வயசு தெரியாத வூட்டுப் பொண்ணு என்பாள். இந்தத் தடவை அவளுக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லப்போவதில்லை. அவளை ஓரமாக அழைத்துக்கொண்டு போய், அன்றைக்கு உள்ளே போனது யார் என்பதையும் இன்றைக்கு உள்ளே போகவேண்டியது யார் என்பதையும் சொல்லிவிட்டு, அம்மாவின் கையை அவள் கையில் கொடுக்கப்போகிறேன்.